துறந்த சொல்

மெய்ப்பாடு எட்டனையும் தொகுத்துரைத்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தார். அந்நகை பிறக்குங் களங்களை நான்கென வகுத்து, அந்நான்கனுள்ளும் எள்ளலைத் தலையாக நிறுத்தினார். இளமையும் பேதைமையும் மடனும் அதன் பின்னரே வந்தன. எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியரோ அதனையும் இருகூறாகப் பிளந்து காட்டினார். தான் பிறரை எள்ளி நகுவது ஒரு நகை. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவது மற்றொரு நகை. வலியவன் மெலியவனை நோக்கி நகுவது முதலாவது. எள்ளப்பட்டவன் தலைகுனியாது நின்று, எள்ளியவனையே நாணச் செய்யும் நகை இரண்டாவது. முன்னது அடிமைத்தளையை இறுக்கும். பின்னது அதனை அறுக்கும். இவ்விரண்டனையும் பகுத்தறியாத இனம், தன் விலங்கின் ஓசையையே இசையென்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்.

இம்முன்னுரையை எழுதத் தூண்டியது ஓர் அமெரிக்கத் திரைப்படம். இவ்விதழில் அமெரிக்கத் திரைப்படத்திற்கு என்ன வேலை என்று அன்பர்கள் புருவம் நெரிக்க வேண்டா. என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர், இக்காலத்தில் பெருகிவரும் தனிமேடை நகைச்சுவையில் ஈடுபாடு கொண்டவர், சில திங்கள்களுக்கு முன் அப்படத்தைத் தம் செல்பேசியில் எனக்குக் காட்டினார். ‘ஐயா, இக்கலையின் ஊற்றுக்கண் இதுவே, ஒருமுறை பாருங்கள்’ என்றார். ஒரே ஆள், ஒரே ஒலிவாங்கி, வெறும் மேடை. எண்பது மணித்துளிக்குச் சற்றுக் குறைந்த பொழுது. பார்த்து முடித்தபின் நெடுநேரம் நான் பேசவில்லை. பேசாதிருந்தமைக்குக் கரணியம் அப்படத்தில் பாதியும் என் வாழ்வில் பாதியுமாக இருந்தது. இரண்டையும் இங்கே உரைக்கிறேன்.

அப்படத்தில் நிற்பவர் இரிச்சர்டு பிரையர் என்னும் கறுப்பினக் கலைஞர். 1940 திசம்பர் முதல்நாள், இல்லினாய் மாநிலத்துப் பியோரியா என்னும் ஊரில் பிறந்தவர். தம் பாட்டி நடத்திய பரத்தையர் இல்லத்தில் வளர்ந்தவர். தாயும் அத்தொழிலுக்கே தள்ளப்பட்டவர். பதினான்கு அகவையிலேயே பள்ளி அவரை வெளியேற்றியது. பள்ளி கைவிட்ட அச்சிறுவனை அவ்வூர்க் குமுகாய நடுவமொன்றில் நாடகம் பயிற்றிய சூலியட்டு விட்டேக்கர் என்னும் அம்மையார் கைதூக்கி மேடையில் நிறுத்தினார். பின்னாளில் தொலைக்காட்சி எழுத்துப் பணிக்காகத் தமக்குக் கிடைத்த எம்மி பரிசைப் பிரையர் அவ்வம்மையாரிடமே கொடுத்துவிட்டார். ஆசிரியப் பணியில் இருப்போர் இச்செய்தியை ஒருகால் நின்று நினைக்க வேண்டும். மதிப்பெண் பட்டியலில் கடைசியில் நின்றவனின் குரலை எவரோ ஒருவர் செவிமடுத்தார். அதனால் ஒரு பெருங்கலைஞன் உலகிற்குக் கிடைத்தான்.

1963-இல் நியூயார்க்கு நகருக்குச் சென்ற பிரையர், அந்நாளில் வெள்ளையர் விரும்பிய கறுப்பினக் கலைஞரான பில் காசுபியின் குரலையும் நடையையும் அப்படியே போற்றிப் பின்பற்றினார். யாருக்கும் உறுத்தாத பேச்சு, எவரையும் சுடாத சிரிப்பு. புகழ் வந்தது, பணம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. ஆனால் தாம் வளர்ந்த தெருவின் மொழி மட்டும் அவர் நாவில் வரவில்லை. தம் பாட்டியும் தந்தையும் பேசிய பேச்சை, குடியரும் கூலியரும் முதியோரும் பேசிய பேச்சை, மேடையேறுமுன் வாயிலிலேயே விட்டுவிட்டு ஏறினார். 1967-இல் இலாசு வேகாசு நகரின் அலாதீன் விடுதி மேடையில் நின்றவர், நிரம்பி வழிந்த அவையைக் கண்டு, தாம் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தம்மையே வாய்விட்டு வினவினார். மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

இரவற் குரலை எறிந்த இடம் அது. அதன்பின் அவர் பெர்க்கிலி நகருக்குச் சென்று சிலகாலம் உறைந்தார். கறுப்பின எழுத்தாளரோடு பழகினார். மால்கம் எக்சின் உரைகளைப் படித்தார். தம் மக்களின் பேச்சை மீண்டும் தம் நாவில் ஏற்றினார். மீண்டு வந்தபோது அவர் வேறொருவராக வந்தார். பியோரியாத் தெருமுனையின் கள்ளுண்ட முதியவரும், ஊர்க்கதை உரைக்கும் கிழவரும், வழிபாட்டு மன்றத்துப் பொழிவாளரும் அவர் வாய்வழியே பேசினர். தாய்மொழி என்பது வெறும் இலக்கணமன்று. அது ஒருவன் வளர்ந்த தெருவின் மூச்சு. அம்மூச்சை மறைத்துக்கொண்டு பெறும் கைதட்டல் பிறனுக்கு உரியது என்பதைத் தமிழர்க்கு நாம் நூறாண்டுகளாகச் சொல்லி வருகிறோம். அமெரிக்க மேடையில் ஒருவர் தம் பிழைப்பையே பணயம் வைத்து அதனை மெய்ப்பித்தார்.

நான் கண்ட படம் 1978 திசம்பரில் கலிபோர்னியாவின் இலாங்குபீச்சு நகரில், தெரேசு அரங்கில், எடுக்கப்பட்டு 1979-இல் வெளிவந்தது. ஒருவர் மட்டுமே நின்று பேசும் நகையுரையை முழுநீளத் திரைப்படமாகத் திரையரங்குகளில் காட்டும் வழக்கத்திற்கு வழிதிறந்தது அதுவே. 2021-இல் அமெரிக்கப் பேராய நூலகம், அந்நாடு என்றும் காக்க வேண்டிய திரைப்படங்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது.

படத்தில் கதையில்லை, பாட்டில்லை, ஒப்பனையில்லை. தமக்கு வந்த மாரடைப்பைப் பிரையர் நடித்துக் காட்டுகிறார். நெஞ்சாங்குலை ஒரு முரடனைப்போல் அவரோடு பேசுகிறது. அதன் சொற்படி அவர் தரையில் விழுகிறார். வலியால் துடிப்பவனைக் கண்டு அவை வயிறு குலுங்க நகுகிறது. பாட்டி தம்மை அடிப்பதற்கான குச்சியைத் தாமே மரத்திலிருந்து ஒடித்துவரச் சென்ற சிறுவனாக நடக்கிறார். வளர்த்த குரங்குகள் இறந்தபோது அண்டை வீட்டு நாய் வந்து ஆறுதல் சொன்ன கதையை உரைக்கிறார். காட்டில் நீரருந்தும் மான் சிற்றோசை கேட்டுத் தலைநிமிரும் அந்த ஒரு நொடியில், மாந்தன் மறைந்து மான் மட்டுமே மேடையில் நிற்கிறது. நம் கூத்தர் மரபறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். உடலே களம், முகமே திரை.

எல்லாவற்றினும் என் நெஞ்சில் தைத்தது ஒரு காட்சி. காவலர் கையில் சிக்கிய கறுப்பின மாந்தனின் கழுத்தை நெரிக்கும் பிடியைப் பற்றிப் பிரையர் பேசுகிறார். அவையில் உள்ள கறுப்பின மக்கள் அறிந்தவராய்ச் சிரிக்கின்றனர். வெள்ளையர் அறியாதவராய் விழிக்கின்றனர். நகைப்பிற்காகக் கட்டிய கதையா அது? அன்று. அக்கழுத்துப்பிடி பற்றிய வழக்கொன்று 1983-இல் அமெரிக்க உச்ச வழக்குமன்றத்தின் முன் வந்தது. 1975 முதல் இலாசு ஏஞ்செலிசு காவலரின் அப்பிடிக்குப்பின் பதினாறுபேர் இறந்தனர் என்றும், அவருள் பன்னிருவர் கறுப்பின ஆடவர் என்றும் நடுவர் தர்குட் மார்சல் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். 2020 மே திங்களில் மினியாபொலிசு நகரில் சார்சு பிளாயிடு என்பாரின் கழுத்தில் காவலர் ஒருவர் முழங்காலை ஊன்றிக் கொன்றபோது உலகமே வெகுண்டது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நகைச்சுவையாளர் அதனை மேடையில் உரைத்துவிட்டார். நாளிதழ் எழுதத் தயங்கியதை நகை உரைத்தது. பிறர் எள்ளியவிடத்துத் தான் நகுதல் என்று நம் உரையாசிரியர் வகுத்த நகைக்கு இதனினும் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

பிரையர் குறையற்றவர் என்று நான் கூற வரவில்லை. அவர் பேச்சில் வசைச்சொற்கள் மலிந்துள்ளன. அப்படத்தை வகுப்பறையில் காட்ட இயலாது. மயக்கப்பொருளுக்கு அடிமையானார், இல்லறத்தில் வன்மை காட்டினார், 1980-இல் தம் உடலில் தாமே தீயிட்டுக்கொண்டு சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். அவர் வாழ்வை வழிகாட்டியாகக் கொள்க என்று எந்த ஆசிரியனும் சொல்லமாட்டான். ஆனால் அவர் செய்த ஒரு துறவு உண்டு. அத்துறவே இவ்வாசிரியவுரையின் பொருள்.

கறுப்பின மக்களை இழித்துரைக்க வெள்ளையர் வழங்கிய சொல் ஒன்றுண்டு. கருமையைக் குறிக்கும் இலத்தீன வேரில் பிறந்து, பிற ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்தில் நுழைந்து, அடிமைச் சந்தையில் நஞ்சேறிய சொல் அது. அதனை இங்கே எழுத எனக்கு உடன்பாடில்லை. பிரையரோ அச்சொல்லைத் தம் மேடையில் ஓயாமல் வழங்கினார். 1974-இலும் 1976-இலும் வெளிவந்த தம் பேச்சுத்தட்டுகளின் தலைப்பிலேயே அதனைப் பொறித்தார். அவ்விரு தட்டுகளுக்கும் கிராமி பரிசுகள் கிடைத்தன. பகைவன் எறிந்த கல்லைத் தாமே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் அதன் கூர் மழுங்கிவிடும் என்று அவர் கருதினார். அக்கருத்தில் ஒரு வீரம் இருந்ததை மறுப்பதற்கில்லை. இலாங்குபீச்சு மேடையிலும் அச்சொல் ஒலிக்கிறது.

1979-இல் அவர் கென்யா நாட்டிற்குச் சென்றார். அங்கே விடுதி முன்றிலில் அமர்ந்து, தம்மைச் சூழ்ந்திருந்த மக்களைப் பார்த்தார். கருநிறத்தின் எல்லாச் சாயலிலும் மக்கள். எல்லாத் தொழிலிலும் அவர்களே. ஆள்வோரும் அவர்களே, உழைப்போரும் அவர்களே. அப்போது அவர் நெஞ்சில் ஒரு வினா எழுந்தது. அவ்விழிசொல் குறிக்கும் மாந்தன் இங்கே எவனேனும் உளனா? ஒருவனும் இலன். மூன்று கிழமையாக அச்சொல் தம் வாயில் வரவேயில்லை என்பதையும் அவர் அப்போதுதான் உணர்ந்தார். அங்ஙனம் ஒருவன் உலகில் என்றுமே இருந்ததில்லை. அச்சொல்தான் அவனைப் படைத்தது. இனி எந்தக் கறுப்பின மாந்தனையும் அச்சொல்லால் அழைப்பதில்லை என்று அவர் உறுதிபூண்டார். 1982-இல் வெளிவந்த தம் அடுத்த படத்தில், அதே மேடை நகைச்சுவையின் நடுவே, அவ்வுறுதியை அவர் எல்லார் முன்னும் அறிவித்தார்.

தமக்குப் புகழும் பொருளும் ஈட்டித்தந்த சொல்லைத் துறப்பது எளிதன்று. ‘கல்லைக் கையில் வைத்திருந்தால் கூர் மழுங்கும் என்று எண்ணினேன், மழுங்கியது என் கையே’ என்பதுபோல் இருந்தது அத்துறவு. அப்படத்தையும் மக்கள் திரண்டு கண்டனர். சொல் போயிற்று, சிரிப்புப் போகவில்லை.

அவர்க்குப் பின்வந்த கலைஞர்களும் இதே முள்ளில் கால்வைத்து இதனை உணர்ந்தனர். கிறிசு இராக்கு என்பார் 1996-இல் தம் படமாக்கப்பட்ட நகையுரையில் அச்சொல்லை வைத்தே ஒரு நெடும்பகுதி பேசிப் பெரும்புகழ் பெற்றார். பின்னர் 2005-இல், இனவெறியர் சிலர் அதனைத் தாம் அச்சொல்லை வழங்குதற்குரிய இசைவாகக் கொண்டமையால் அப்பகுதியை இனிச் செய்யமாட்டேன் என்றார். தேவு சாப்பல் என்பார், தம் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான படப்பிடிப்பில் வெள்ளையர் ஒருவர் சிரித்த சிரிப்பின் ஓசையில் ஏதோ மாறுபாடு கேட்டுத் திகைத்தார். 2005-இல் அந்நிகழ்ச்சியையே விட்டு நீங்கினார். தம்மோடு சேர்ந்து நகுவோர் யார், தம் இனத்தைப் பார்த்து நகுவோர் யார் என்பதை அவர் செவி பிரித்தறிந்தது. அதுவே கலைஞனின் செவி.

இனி நம் வீட்டைப் பார்ப்போம்.

தனித்தமிழ் பேசுவோன் நம் திரைப்படங்களில் யாராக வருகிறான்? கோமாளியாக வருகிறான். ‘யான்’ என்று அவன் வாய்திறந்தாலே திரையரங்கு சிரிக்க வேண்டும் என்பது அங்கே எழுதாச் சட்டம். தமிழாசிரியன் என்றால் குடையும் மூக்குக்கண்ணாடியும் குளறுபடியும். இக்காலத் தனிமேடை நகைச்சுவையாளர் பலர் ஆங்கிலத்தில் பேசுகின்றனர். அவையோர் சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் தமிழுக்கு மாறுகின்றனர். அறிவு பேச ஆங்கிலம், எள்ளி நகைக்கத் தமிழ்! பிரையர் 1967-இல் எறிந்த இரவற் குரலை இவர்கள் இன்று விலைகொடுத்து வாங்குகின்றனர். இதனைக் கண்டு நாம் வெகுள்கிறோம். அவ்வெகுளி முறையானதே, எள்ளப்படுவோர் நாமாகையால் நமக்கு வலிக்கிறது.

ஆனால் நாம் எள்ளும்போது பிறர்க்கு வலிப்பதை உணர்ந்தோமா? இங்கேதான் என் கதை வருகிறது.

ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஆண்டுவிழா. பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் தனியே மேடையேறிப் பலகுரலில் பேசி நடித்தான். ஊர்க்கோடியில் வாழும் முதியவர் ஒருவரின் நடையையும் பேச்சையும் நடித்துக்காட்டி, அடிக்கொருதரம் ‘அடச் சண்டாளா!’ என்றான். ஒவ்வொரு முறையும் அரங்கம் அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த நானும் சிரித்தேன். விழா முடிந்ததும் அவனை அழைத்துத் தட்டிக்கொடுத்தேன். ‘நன்றாக நடித்தாய், ஆயினும் சண்டாளன் என்பது வடசொல். அடுத்தமுறை கொடியவனே என்று தமிழில் சொல்’ என்று திருத்தினேன். தனித்தமிழ்ப் பணி செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினேன்.

அடுத்த மூன்று நாளும் என் வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாக இருந்தது. நான்காம் நாள் அம்மாணவன் வந்தான். ஊர்க்கோடித் தெருவிலிருந்து வருபவன். செய்யுளை ஒருமுறை கேட்டால் ஒப்பிப்பவன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். தலைகுனிந்து நின்றவன், பிறகு மெல்லச் சொன்னான்: ‘எல்லாரும் சிரித்தார்கள் ஐயா. நீங்களுமா சிரிப்பீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நீங்களும் சிரித்தீர்கள்.’

அவன் வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு விடைசொல்ல நா எழவில்லை. அச்சொல்லில் நான் கண்ட குற்றம் அது வடமொழியில் பிறந்தது என்பது ஒன்றே. அது யாரைச் சுட்டுப் பிறந்தது என்பதை நான் எண்ணவேயில்லை. சொல்லின் பிறப்பை ஆராய்ந்த எனக்குச் சொல்லடிபட்டவனின் பிறப்பு நினைவில் எழவில்லை. ‘கொடியவனே’ என்று அவன் திருத்திப் பேசியிருந்தால் மட்டும் அம்முதியவரின் இழிவு நீங்கியிருக்குமா? என் திருத்தம் நஞ்சுக்குத் தமிழ்ப்பெயர் இட்ட திருத்தம். பிரையரின் படத்தைக் கண்டபின் நான் நெடுநேரம் பேசாதிருந்தது இதனால்தான்.

சண்டாளன் என்னும் சொல்லை நாம் எவ்வளவு எளிதாக வழங்குகிறோம்! தாய் தன் குழந்தையைச் செல்லமாகத் திட்டுகிறாள். நண்பன் நண்பனை அழைக்கிறான். திரைப்பட உரையாடலிலும் அது சிரிப்புச் சொல். அச்சொல்லின் வரலாறு யாது? சூத்திரத் தந்தைக்கும் பார்ப்பனத் தாய்க்கும் பிறந்தவரை அப்பெயரால் சுட்டி, அவர் ஊருக்குப் புறத்தே உறைய வேண்டும், உடைந்த கலத்தில் உண்ண வேண்டும், பிணத்தின் ஆடையை உடுக்க வேண்டும் என்று வகுத்தது மனுநூல். அது பழங்கதையாகவும் போய்விடவில்லை. 1950-ஆம் ஆண்டின் பட்டியல் இனத்தார் ஆணையில், தமிழ்நாட்டுக்குரிய பட்டியலில், அப்பெயர் ஒரு குலப்பெயராகவே நிற்கிறது. உயிரோடு வாழும் மக்களின் பெயர் நமக்கு வசைச்சொல். வசைச்சொல் நமக்கு நகைச்சுவை! வருணமுறையை வெறுப்பதாக மேடையில் முழங்கும் நாம், அவ்வருணமுறையின் தீர்ப்பை நாள்தோறும் சிரித்துக்கொண்டே நிறைவேற்றி வருகிறோம்.

இஃதொன்று மட்டுமன்று. தொழிலைச் சுட்டி இழிக்குஞ் சொற்கள், உடற்குறையைச் சுட்டி இழிக்குஞ் சொற்கள், தோல்நிறத்தைச் சுட்டி இழிக்குஞ் சொற்கள் என நம் நகைச்சுவைக் களஞ்சியத்தைத் திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டியுள்ளது. அவற்றுட் பல தூய தமிழ்ச்சொற்களே என்பதையும் நாணத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். வேர் தமிழாயிருந்தால் போதுமா? 1916-இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் சொற்களை மட்டும் துடைக்க எழுந்ததா? தமிழன் எவனுக்கும் தாழ்ந்தவனல்லன் என்னும் தன்மான உணர்ச்சியே நம் இயக்கத்தின் உயிர். ஒரு தமிழனை இன்னொரு தமிழன் தாழ்த்தும் சொல், எத்துணைத் தூய வேரினதாயினும், தனித்தமிழாகாது.

‘நகைச்சுவையில் இதையெல்லாம் பார்க்கலாமா? சிரிக்கவும் தடையா?’ என்று சிலர் கேட்பர். விளையாட்டாகவேனும் ஒருவரை இகழ்தல் இன்னாதது என்று வள்ளுவர் பண்புடைமை அதிகாரத்திலேயே கூறிவிட்டார். நகையை அவர் விலக்கவில்லை. நகைக்குள் ஒளிந்த இகழ்ச்சியை விலக்கினார். ‘நாங்களே எங்களைச் சொல்லிக்கொள்கிறோம், உங்களுக்கென்ன?’ என்று கேட்கும் உரிமை இழிவு சுமந்தவர்க்கே உண்டு. அவர்கள் அச்சொல்லைக் கையில் எடுப்பதா எறிவதா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பிரையர் எடுத்தார், பின்னர் எறிந்தார், இரண்டும் அவர் உரிமை. ஆனால் இழிவைச் சுமக்காதவன் அச்சொல்லை வாயில் வைத்து நகுவதற்கு எந்த உரிமையும் இல்லை.

இழிவின்றி நகைக்க முடியுமா என்று ஐயுறுவோர் நம் கலைவாணர் என்.எசு. கிருட்டிணனை நினைக்கட்டும். 1949-இல் வந்த ‘நல்லதம்பி’ திரைப்படத்தில் அவர் நிகழ்த்திய கிந்தனார் கதைப்பாட்டை நம் முன்னோர் கேட்டுக் கேட்டு நகைத்தனர். நந்தன் கதையின் போக்கிலேயே அமைத்து, தில்லைக்கு ஏங்கிய நந்தனுக்கு மாற்றாகக் கல்விக்கு ஏங்கிய கிந்தனைப் படைத்தார். ஒடுக்கப்பட்ட சிறுவன் ஒருவன் படித்து உயர்ந்து மீளும் கதை அது. அவையோர் சிரித்தது கிந்தனைப் பார்த்தன்று. கிந்தனைத் தடுத்த குமுகாயத்தைப் பார்த்து. வில்லுப்பாட்டு மண்ணில் வளர்ந்த அக்கலைஞர் யாரிடமும் இரவற் குரல் வாங்கவில்லை. யார் தலையிலும் இழிசொல் ஏற்றவும் இல்லை. தனிமேடைக் கலையில் இறங்கும் நம் இளைஞர் பயில வேண்டிய பாடம் நம் வீட்டு முற்றத்திலேயே கிடக்கிறது.

சொல்லைத் துறத்தல் இயலாத செயலா? இயலும் என்பதற்கு நம் மொழியே சான்று. உடற்குறையைச் சுட்டி வழங்கிய பழைய சொற்கள் நீங்கி, மாற்றுத்திறனாளி என்னும் சொல் அரசு ஏடுகளிலும் நாளிதழ்களிலும் மக்கள் வாயிலும் ஏறிவிட்டது. அதனால் தமிழ் குறைந்துபோயிற்றா? நிமிர்ந்து நிற்கிறது. துறந்த சொல் ஒவ்வொன்றும் ஒரு மாந்தனை நமக்குத் திருப்பித் தருகிறது.

ஆகவே இவ்விதழின் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வடசொல் களையும் நம் பட்டியலோடு இழிசொல் களையும் பட்டியலொன்றையும் இத்திங்கள் முதல் தொடங்குவோம். வீட்டிலும் வகுப்பறையிலும் மேடையிலும் நாம் வழங்கும் வசைகளையும் நகைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இச்சொல் யாரைச் சுட்டுப் பிறந்தது என்று வினவுவோம். சுட்டது ஒரு மக்களை என்றால், அது வடசொல்லாயினும் தென்சொல்லாயினும் அன்றே எறிவோம். ஆசிரியராக இருப்போர் ஆண்டுவிழா ஒத்திகையில் அமர்ந்து இலக்கணப்பிழை மட்டும் பார்த்தல் போதாது; சிரிப்பு எத்திசை நோக்கிப் பாய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இளங்கலைஞர்களே, தமிழில் பேசுங்கள். உங்கள் தெருவின் தமிழில் பேசுங்கள். அத்தெருவின் எந்தக் கோடியில் இருப்பவனும் உங்களோடு சேர்ந்து சிரிக்கும்படி பேசுங்கள்.

அம்மாணவன் பின்னர்ப் பள்ளியிறுதித் தேர்வில் தமிழில் நல்ல மதிப்பெண் பெற்றான். பள்ளியைவிட்டுச் செல்லும்போது என்னை வணங்கித்தான் சென்றான். அவனிடம் நான் பிழைபொறுக்கச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய நாள்களில் கேளாது கடந்துவிட்டேன். எங்கிருந்தேனும் அவன் இதைப் படிப்பானாயின், அன்று அரங்கில் திரும்பிப் பார்த்த அவன் முகத்தை நான் மறக்கவில்லை என்று அறியட்டும். அச்சொல்லை நான் துறந்துவிட்டேன். அது வடசொல் என்பதற்காக அன்று.